நலம் விசாரிப்பதும் விசாரணையும்

கேள்வி: அம்மா, வணக்கம். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்துவிட்டு எட்டு மாதமாகக் கடலூரில் ஒரு குழந்தைகள் நல அமைப்பில் களப்பணியாளராக இருக்கிறேன். முதுநகர்ப் பக்கம் ஒரு வீடு. ஏழு வயதுப் பையன், அவன் அம்மா, மாற்றாந்தகப்பன். பையன் அடிக்கடி லீவு போடுகிறான் என்று ஆசிரியை சொன்னதால் போனேன். மூன்று முறை போய்விட்டேன். அந்த மனிதர் அவ்வளவு மரியாதையாக நடந்துகொள்கிறார். நாற்காலி போட்டு, காபி கொடுத்து, ஆதார், தடுப்பூசி அட்டை, மார்க் ஷீட் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் வரிசையாக வைத்துக் காட்டுகிறார். பையன் மட்டும் ஒரு முறை தூங்குகிறான், ஒரு முறை டியூஷன், ஒரு முறை பாட்டி வீடு. எங்கள் மேலாளர், “வீடு சுத்தமா இருக்கு, பேப்பர் சரியா இருக்கு, ஃபைலை மூடும்மா” என்கிறார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. தேவையில்லாமல் சந்தேகப்படுகிறேனா? போலீஸ்காரர் மாதிரி ஆகாமல் எப்படிக் கேட்பது?
— பெயர் வேண்டாம், கடலூர்

பதில்: ஃபைலை மூடாதீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அந்த மனிதரை மூன்று முறை பார்த்திருக்கிறீர்கள். அவருடைய ஃபைலையும் மூன்று முறை பார்த்திருக்கிறீர்கள். பையனை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பையனின் அம்மா வாய் திறந்து ஏதாவது சொன்னதாகவும் ஒரு வரி இல்லை. உங்கள் மனசு ஒப்பாததற்கு அதுதான் காரணம். அதைச் சந்தேகப் புத்தி என்று தள்ளிவிடாதீர்கள்.

அதே சமயம், அவர் தப்பானவர் என்றும் இப்போதே முடிவு கட்ட வேண்டாம். காகிதங்களை வரிசையாக வைத்திருப்பது குற்றமா என்ன? அலுவலகம் அலுவலகமாக அலைந்து அப்படிப் பழகியவராக இருக்கலாம். நமக்குத் தெரியாது. தெரியாது என்பதை மறக்காமல் நான்காவது முறையும் போக வேண்டும், அவ்வளவுதான்.

நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். சுனாமிக்குப் பிறகு, 2005 தொடக்கத்தில்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளைத் தேடி முகாமுக்கு ஆட்கள் வருவார்கள். “நான் அத்தை”, “நான் சித்தப்பா” என்பார்கள். பெரும்பாலும் உண்மையான சொந்தம்தான். ஆனாலும் பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து, “இவங்க வீட்டுக்கு நீ போயிருக்கியா? வாசல்ல என்ன இருக்கும்? உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவாங்க?” என்று கேட்காமல் நாங்கள் யாரையும் அனுப்பியதில்லை. அப்படிக் கேட்டுக் கேட்டுப் பழகிய நான், நான்கே வருடத்தில் கேட்க மறந்தேன்.

2009இல் ஒரு கடலோரக் குப்பம். அந்த வீட்டு அம்மா கூடை தூக்கி மீன் விற்பவர். கணவர் விசைப்படகில் கூலி. ஆறாம் வகுப்புப் பெண், ஜூனில் பள்ளி திறந்தும் வரவில்லை. “சிதம்பரத்துல அவ அத்தை வீட்ல தங்கிப் படிக்கிறா” என்றார் அம்மா. எந்தப் பள்ளி, அத்தை வீடு எந்தத் தெரு, கடைசியாக எப்போது பார்த்தீர்கள், இந்த மூன்றில் ஒன்றையும் நான் கேட்கவில்லை. மூன்று மாதத்தில் மூன்று தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் டீ குடித்தேன், அதே பதிலை வாங்கிக்கொண்டேன். ‘குழந்தை உறவினர் வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறது’ என்று எழுதினேன். ‘பாதுகாப்பாக’ என்ற சொல்லை எங்கிருந்து எடுத்தேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. நான் பார்க்கவும் இல்லை. எனக்கு அந்த அம்மாவைப் பிடித்திருந்தது. அவர் பதிலை ஏற்றுக்கொண்டால் ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கலாம். அந்தப் பதில் எனக்கு வசதியாக இருந்தது.

நான்காவது முறை போனபோது, திண்ணையில் விளையாடிக்கொண்டிருந்த ஆறு வயதுத் தம்பி தானாகச் சொன்னான்: “அக்கா கை எரியுதுன்னு போன்ல அழுதுச்சு.” சிதம்பரத்தில் படிக்கிற பெண்ணுக்கு ஏன் கை எரிய வேண்டும்? அப்போதுதான் உட்கார்ந்து கேட்டேன். அம்மா அழுதுவிட்டார். மீன்பிடித் தடைக்காலம் அப்போது 45 நாள், இப்போது 61 நாள். படகு கடலுக்குப் போகாத அந்த நாள்களில் எட்டாயிரம் ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு, பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் ஒரு கொட்டகைக்குப் பெண்ணை அனுப்பியிருக்கிறார்கள். முந்திரி ஓட்டில் இருக்கிற எண்ணெய் தோலைப் பொசுக்கும். பழகியவர்கள் கையில் சாம்பலைத் தடவிக்கொண்டு உட்காருவார்கள். பதினொரு வயதுக் கைக்கு அது போதவில்லை. விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. மீட்டுக்கொண்டு வரும்போது வண்டியில் அவள் என்னிடம் கேட்ட முதல் வார்த்தை: “நீங்க மூணு தடவை வந்தீங்களாமே, தம்பி சொன்னான்.”

இதை உங்களைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. முதல் பதிலோடு எழுந்து வருவது நல்லவர்களுக்கும் நடக்கும். அன்பாகப் பழகுகிற பணியாளருக்குத்தான் அது அதிகம் நடக்கும் என்பது என் அனுபவம்.

சரி, எப்படிக் கேட்பது? நம் பேச்சிலேயே வழி இருக்கிறது. “வீட்ல எல்லாரையும் விசாரிச்சதா சொல்லுங்க” என்று விருந்தாளியை அனுப்புகிறோம். ஸ்டேஷனில் நடப்பதற்கும் விசாரணை என்றுதான் பெயர். நீங்கள் முதல் வகையில் போங்கள். நலம் விசாரிக்கிறவர் ஒரு பதிலோடு நிறுத்துவதில்லை. “பாட்டி வீட்டுக்கா? எந்த ஊரு பாட்டி? அங்க விளையாட யாரு இருக்கா? எப்ப வருவான்? வியாழக்கிழமை சாயந்திரம் வந்தா பாக்கலாமா?” இதில் எதுவும் குத்தலான கேள்வி இல்லை. பதில் உண்மையாக இருந்தால் சரளமாக வரும். இல்லையென்றால் மூன்றாவது கேள்விக்கு முன்பே கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

போகிற நேரத்தை மாற்றுங்கள். அம்மாவிடம் தனியாகப் பேச ஒரு வாய்ப்பு தேடுங்கள். தண்ணீர் பிடிக்கிற இடம், ரேஷன் கடை வரிசை, பள்ளி வாசல் எதுவானாலும் சரி. பையன் பள்ளிக்கு வருகிற அன்று போன் செய்யும்படி ஆசிரியையிடம் சொல்லிவையுங்கள். அங்கேயே போய்ப் பாருங்கள். வீட்டில் தூங்குகிறான் என்றால், “எழுப்ப வேணாம், முகத்தை மட்டும் பாத்துட்டுப் போறேன்” என்று எட்டிப் பார்க்கலாமே. எங்கே படுத்திருக்கிறான், பாய் இருக்கிறதா, புத்தகப் பை எங்கே கிடக்கிறது என்பது கண்ணில் படும். பையனோடு பேசும்போது தரையில் உட்காருங்கள். “உன்னை அடிக்கிறாங்களா?” என்று ஆரம்பித்தால் பிள்ளை நம் முகத்தைப் பார்த்துத் தலையாட்டும். “நேத்து ராத்திரி என்ன சாப்பிட்ட? யாரு போட்டுக் கொடுத்தா? அப்புறம் என்ன பண்ணின?” என்று ஒரு நாளை முழுவதும் சொல்ல வையுங்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள். பாலியல் தொல்லை பற்றி ஏதாவது சொன்னான் என்றால் அதற்கு மேல் நீங்களாகத் துருவாதீர்கள். அவன் சொன்ன வார்த்தையை அப்படியே குறித்துக்கொண்டு உடனே புகார் கொடுக்க வேண்டும். போக்சோ சட்டப்படி அது கட்டாயம். ஒரே பிள்ளையைப் பத்துப் பேர் பத்துத் தடவை கேட்பது இன்னொரு கொடுமை.

குறிப்பு எழுதும்போது நோட்டுப் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். ஒரு பக்கம் ‘பார்த்தது’, இன்னொரு பக்கம் ‘சொன்னார்கள்’. பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளைகள் விஷயத்தில் முடிவெடுக்கும் குழந்தைகள் நலக்குழு உத்தரவிட்டால், பிள்ளையின் குடும்பச் சூழல் பற்றிய சமூக விசாரணை அறிக்கையை 15 நாளில் கொடுக்க வேண்டும். அந்தப் படிவம் 22இல் எத்தனையோ கட்டங்கள். எல்லாம் நிரம்பிவிட்டால் வேலை முடிந்த மாதிரி இருக்கும். ‘பார்த்தது’ பக்கம் காலியாக இருந்தால் வேலை இன்னும் தொடங்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலாளரிடம் வாதாட வேண்டாம். ‘மூன்று முறையும் குழந்தையை நேரில் பார்க்க முடியவில்லை’ என்று ஒரு வரி எழுதி அவரிடம் நீட்டுங்கள். அதன் கீழே ‘மூடலாம்’ என்று கையெழுத்துப் போட அவருக்கும் கை வராது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் என்னை வாசலைத் தாண்ட விடவே மாட்டார்கள். நிச்சயம் உள்ளே ஏதோ இருக்கிறது என்று எனக்குள் எழுதியே வைத்துவிட்டேன். ஐந்தாவது முறை அந்த வீட்டுப் பாட்டி கதவைத் திறந்தார். மனநலம் சரியில்லாத ஒரு அத்தையை இருபது வருடமாக உள்ளே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வராது என்ற பயம். பிள்ளைகள் நன்றாகவே இருந்தார்கள். அன்று நாங்கள் செய்தது அத்தைக்கு மருத்துவ உதவி. கேட்கிற வேலை நம்முடைய முடிவையும் மாற்ற வேண்டும். அதற்கு இடம் வைத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: வகுப்பில் ‘புரொஃபஷனல் க்யூரியாசிட்டி’ என்று ஒரு பாடம் வந்தது. இங்கிலாந்து உதாரணங்களாகவே சொன்னார்கள். நம் குடும்பங்களுக்கு அது பொருந்துமா? இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?
— சமூகப்பணி மாணவர், புதுச்சேரி

பதில்: தம்பி, முதல் பதிலோடு நின்றுவிடாமல் மேலும் கேட்கிற இந்தப் பழக்கத்தை நான் ‘அக்கறையோடு விசாரிப்பது’ என்றுதான் பயிற்சிகளில் சொல்லிவந்தேன். ‘ஆர்வம்’ என்று போட்டால் வம்பு கேட்கிற ஆர்வம் மாதிரி ஆகிவிடுகிறது.

இங்கிலாந்து உதாரணங்களைத் தள்ளிவிடாதீர்கள். விக்டோரியா க்ளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி 2000 பிப்ரவரியில் லண்டனில் இறந்தாள். நல்ல படிப்புக் கிடைக்கும் என்று பெற்றோர் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டிலிருந்து, அப்பாவுக்கு அத்தை முறையானவரோடு அனுப்பிய பிள்ளை. உடலில் 128 காயங்கள், தழும்புகள். அவளை யாரும் பார்க்காமல் இல்லை. இரண்டு மருத்துவமனைகள், சமூகப் பணியாளர்கள், போலீஸ் எல்லோருக்கும் அவளைப் பற்றித் தெரிந்திருந்தது. காயங்களுக்குச் சொறி, சிரங்கு என்று ஒரு விளக்கம் கிடைத்தது, அதை ஏற்றுக்கொண்டார்கள். விசாரணை நடத்திய லார்ட் லேமிங் 2003இல் அறிக்கை கொடுத்தார். அவளைக் காப்பாற்றக் குறைந்தது 12 வாய்ப்புகள் இருந்தன என்று கணக்குச் சொன்னார். அவள் பொறுப்பை ஏற்றிருந்த பணியாளர், ஏழு மாத காலத்தில் அவளோடு பேசிய மொத்த நேரம் 30 நிமிடத்துக்கும் குறைவு. குடும்பத்தை மதிக்க வேண்டும், ஆனால் சொல்வதை அப்படியே நம்பிவிடாமல் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று லேமிங் எழுதினார். பிறகு வந்த பாடங்களுக்கெல்லாம் அடித்தளம் அதுதான்.

நம் ஊருக்குப் பொருந்துமா என்று கேட்டீர்கள். அந்த அறிக்கையில் என்னை உலுக்கிய இடம் ஒன்று உண்டு. அவளை அழைத்துவந்த அந்தப் பெண்மணி முன்னால் விக்டோரியா விறைப்பாக நிமிர்ந்து நிற்பாளாம். அதைப் பார்த்தவர்கள் பயம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் சமூகத்தில் பெரியவர்களுக்குப் பிள்ளைகள் காட்டும் மரியாதை அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு நம் வீடுகள்தான் ஞாபகம் வந்தன. அப்பா வந்ததும் சட்டென்று எழுந்து சுவரோடு ஒட்டி நிற்கிற பிள்ளையை நாம் என்ன சொல்கிறோம்? “நல்லா வளர்த்திருக்காங்க, எவ்வளவு அடக்கம்!” என்கிறோம். அப்புறம் “அவங்க ஜாதியில அப்படித்தாங்க, சீக்கிரம் கட்டிக்கொடுத்துடுவாங்க” என்பது. எத்தனை பணியாளர்கள் அந்த ஒரு வாக்கியத்தோடு நோட்டை மூடியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

டேனியல் பெல்கா என்ற நான்கு வயதுப் பையன் 2012இல் இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் இறந்தான். போலந்துக் குடும்பம். பள்ளியில் குப்பைத் தொட்டியில் கிடந்த சாப்பாட்டை எடுத்துத் தின்றிருக்கிறான். அவனுக்கு ஏதோ உணவுக் கோளாறு என்று தாய் சொன்னார், நம்பினார்கள். வீட்டில் உனக்கு எப்படி இருக்கிறது என்று அவனுடைய மொழியில் உட்கார்ந்து கேட்ட ஒரு பேச்சுக்கூடப் பதிவாகவில்லை. நமக்கு மொழிச் சிக்கல் இல்லையா என்ன? செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிற குடும்பங்களின் பிள்ளைகளிடம் யார் பேசுகிறார்கள்? மேஸ்திரி பேசுவதைத்தான் எழுதிக்கொண்டு வருகிறோம்.

நமக்கே உரிய ஒரு தடையும் உண்டு. விருந்தாளி வந்ததும், “போய் பால் வாங்கிட்டு வா” என்று பிள்ளையைக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். உபசாரம்தான், கெட்ட எண்ணம் இருக்காது. ஆனால் நாம் பேச வந்த ஆளே தெருமுனைக்குப் போய்விடுகிறது. நான் பின்னாளில், “வா பாப்பா, நானும் கடை வரைக்கும் வரேன்” என்று கூடவே கிளம்பிவிடுவேன். என் வேலையில் பாதி அந்தத் தெருமுனைக் கடைகளுக்குப் போய்வரும் வழியில்தான் நடந்தது.

கேள்வி: என் கணவர் விட்டுப்போய் ஒரு வருடம் ஆகிறது. இரண்டு பெண் பிள்ளைகள். பிள்ளைகளைப் பட்டினி போடுகிறேன் என்று யாரோ மொட்டைக் கடிதம் போட்டுவிட்டார்கள். மூன்று தடவை ஆட்கள் வந்தார்கள். ஒரு பெண் என்னைக் கேட்காமலே அடுப்படிக்குள் போய்ச் சட்டியைத் திறந்து பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அன்றிலிருந்து என் பெரிய பெண் யார் வந்தாலும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிகிறாள். உங்கள் பகுதியில் ‘கேளுங்கள், கேளுங்கள்’ என்றே எழுதுகிறீர்கள். எங்களைப் பற்றி யோசித்தீர்களா?
— ஒரு தாய், வில்லியனூர்

பதில்: போதுமான அளவு யோசிக்கவில்லை, அம்மா. உங்கள் கடிதத்துக்குப் பிறகு யோசித்தேன்.

அனுமதி கேட்காமல் சட்டியைத் திறந்தது தவறு. அதில் இரண்டு பேச்சு இல்லை. அந்தப் பெண் சட்டியில் என்ன இருந்தது என்று தெரிந்துகொண்டார், ஆனால் உங்கள் பெண் மனசில் என்ன இருக்கிறது என்று இனி யாருக்கும் தெரியாதபடி செய்துவிட்டார். “உங்க அடுப்படியைப் பாக்கலாமா? எதுக்குன்னா, இப்படி ஒரு கடிதம் வந்திருக்கு, நான் பாத்து எழுதணும்” என்று சொல்லியிருந்தால் நீங்களே திறந்து காட்டியிருப்பீர்கள்.

ஆனால் ஒன்று, மொட்டைக் கடிதம் வந்தால் அவர்கள் வரத்தான் வேண்டும். பத்துக் கடிதத்தில் ஒன்று நிஜமாக இருந்தால் அந்த ஒரு பிள்ளைக்கு வேறு யாரும் இல்லை. இனி வருகிறவர்களிடம் அடையாள அட்டையைக் கேளுங்கள். எந்த அலுவலகம், எதற்காக வந்தீர்கள், அறிக்கை யாருக்குப் போகும் என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை, கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அலுவலக வண்டியைத் தெரு முனையிலேயே நிறுத்திவிட்டு வரச் சொல்லுங்கள். குழந்தைகள் நலக்குழு முன் உங்களை வரச் சொன்னால் தவறாமல் போய், நடந்ததைச் சொல்லுங்கள். சட்டியைத் திறந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். கையோடு இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள். தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்களுக்கு மத்திய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கணவர் கைவிட்ட தாயின் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். மூன்று தடவை வந்தவர்கள் இதை ஒரு தடவை சொல்லியிருக்க வேண்டும். சட்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வந்தவர், அது நாளைக்கும் நிறைவதற்கு என்ன வழி என்று கேட்காமல் போனாரே, எனக்கு அதுதான் ஆறவில்லை.

கேள்வி: நான் அங்கன்வாடிப் பணியாளர். மையத்துக்கு வரும் நான்கு வயதுப் பையனின் தொடையின் பின்பக்கமும் காது மடலிலும் கன்றிப்போயிருந்தது. கட்டிலிலிருந்து விழுந்துவிட்டான் என்றார் அம்மா. மூன்று வாரம் கழித்து மறுபடியும் அதே மாதிரி, அதே பதில். நானும் அதே தெருவில் இருக்கிறவள். போட்டுக் கொடுத்துவிட்டாள் என்று பேசுவார்களே?
— பெயர் வேண்டாம், குறிஞ்சிப்பாடி வட்டம்

பதில்: உங்களுக்குத் தனியாக அன்றே எழுதிவிட்டேன். மற்ற பணியாளர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன்.

ஓடியாடி விழுகிற பிள்ளைக்கு அடி எங்கே படும்? முழங்கால், முழங்கைக்குக் கீழே, நெற்றி. எலும்பு துருத்தியிருக்கிற இடங்கள். தொடையின் பின்பக்கம், பிட்டம், முதுகு, காது, கழுத்து இங்கெல்லாம் கன்றியிருந்தால், ‘விழுந்துட்டான்’ என்பது ஒட்டாத பதில். இரண்டாவது தடவையும் அதே பதில் என்றால் காத்திருக்க ஒன்றும் இல்லை.

குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்யுங்கள். இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள், காசு கிடையாது, உங்கள் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. அடித்தது யார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. என்றைக்கு, எந்த இடத்தில், எவ்வளவு பெரிதாகப் பார்த்தீர்கள், அம்மா என்ன வார்த்தையில் சொன்னார் என்பதைத் தேதியோடு எழுதி வைத்துக்கொண்டால் போதும். அந்த அம்மாவே அடி வாங்குகிறவராக இருக்கலாம், அதையும் மனதில் வையுங்கள். தெருவில் பேசுவார்கள் என்பது உண்மைதான். பேசட்டும். கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில் உங்களுக்கும் இடம் உண்டு, இது உங்கள் வேலை.

அதுவரை அந்தப் பையன் மையத்துக்கு வருகிற நாள்களில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வையுங்கள். வராத நாளில் சாப்பாட்டு நேரம் வரை காத்திருக்காமல், பத்து மணிக்கே வீட்டுக்குப் போய் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.